வட்டி ஏறுனா பத்திர விலை ஏன் எறங்குது? ஆக்டேவ்ல கோடு போட்டுப் பார்த்த கணக்கு

கேள்வி: தாராபுரத்து வாசகர் ஒருத்தர், 11 ஜனவரி 2025

அரசாங்கப் பத்திரம், 7 சதவீத வட்டி, பத்து வருஷம். டெபாசிட் மாதிரிதான், போட்ட பணம் அப்படியே இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா ஆக்டேவ்ல (கணக்கும் படமும் போடற இலவச மென்பொருள்) சும்மா போட்டுப் பார்த்தா சந்தை வட்டி 8 ஆகும்போது விலை 93 சொச்சம்னு காட்டுது. கோடும் நேரா வராம வளைஞ்சு கெடக்குது. எங்க தப்பு பண்ணியிருக்கேன்?

11 ஜனவரி 2025, ராத்திரி

தப்பு உங்க கணக்குல இல்லீங்க. "போட்ட பணம் அப்படியே இருக்கும்"ங்கற பேச்சுலதான் இருக்குது. பத்தாவது வருஷக் கடைசியில 100 ரூபா முழுசா வரும். நடுவுல விக்கப் போனா என்ன கிடைக்கும்ங்கறது வேற கேள்வி.

பொள்ளாச்சிப் பக்கம் யாவாரி தென்னந்தோப்பைக் குத்தகைக்குப் பேசறதைப் பார்த்திருப்பீங்க. இனி வரப்போற வெட்டையெல்லாம் மனசுல கூட்டி, இன்னைக்கு எவ்வளவு குடுக்கலாம்னு ஒரு தொகை சொல்வாரு. பத்திரமும் அதேதான். வருஷா வருஷம் 7 ரூபா காய், பத்தாவது வருஷம் மரத்தோட சேர்த்து 107. அதே பணத்துக்கு வெளியில 8 கிடைக்குதுன்னா, 7 காய்க்கிற தோப்புக்கு யாரு முழுசா 100 குடுப்பாங்க? முதல் வருஷ 7 ரூபாயை 1.08 ஆல வகுத்தா 6.48. கடைசி 107ஐ 1.08இன் பத்தாம் அடுக்கான 2.1589 ஆல வகுத்தா 49.56. பத்தையும் கூட்டுனா 93.29.

12 ஜனவரி 2025

நேத்து எழுதுனதுல ஒரு திருத்தம். நம்ம அரசாங்கப் பத்திரம் வருஷத்துக்கு ரெண்டு தடவை வட்டி குடுக்கும். 7 ரூபா ஒருக்கா இல்லை, 3.50 ரெண்டு தடவை. அப்போ 20 தவணை, ஒவ்வொரு தவணைக்கும் 4 சதவீதம். இப்படிப் போட்டா 93.20 வருது. தாராபுரத்தாருக்கு வந்தது இதாத்தான் இருக்கும்.

எட்டரைக் காசு வித்தியாசம்தானேன்னு விடாதீங்க. 5 லட்சத்துக்குப் பத்திரம் வாங்குனா அது 425 ரூபா. அதுக்கு மேல, தவணையை மாத்திப் போட்ட ஒரு கணக்கை வெச்சு அடுத்த கணக்குப் போடறது செங்கலைக் கோணலா வெச்சு மேல சுவரு எழுப்பற மாதிரி.

ஆக்டேவ்ல போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1லிருந்து 20 வரைக்கும் தவணை எண்ணை ஒரு வரிசையா வெச்சு, 1.04ஐ அந்த வரிசைக்கு அடுக்கு ஏத்தும்போது அடுக்குக்குறிக்கு முன்னால ஒரு புள்ளி போடணும். வகுத்தலுக்கும் அப்படியே. புள்ளி இல்லைன்னா அது மேட்ரிக்ஸ் கணக்குன்னு நினைச்சுக்கிட்டு சிவப்பு எழுத்துல கத்தும். நான் முதல் நாள் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தப் புள்ளியைத் தேடியிருக்கேன்.

15 ஜனவரி 2025, மாட்டுப் பொங்கல்

பட்டியில பொங்கல் வெச்சு முடிச்சுட்டு உக்காந்து படம் போட்டேன். அடியச்சுல சந்தை வட்டி 1லிருந்து 15 வரை, நிமிர்ந்த அச்சுல விலை. மூணு கோடு: 5 வருஷம், 10 வருஷம், 30 வருஷம். மூணும் 7 சதவீதப் பத்திரம். அதனால 7க்கு நேரா மூணும் ஒரே புள்ளியில, 100ல, குறுக்கே வெட்டுது. அந்தப் புள்ளிக்கு இக்கட்டயும் அக்கட்டயும்தான் கதை.

வட்டி 8க்குப் போனா 5 வருஷம் 95.94, 10 வருஷம் 93.20, 30 வருஷம் 88.69. வட்டி 6க்கு வந்தா 104.27, 107.44, 113.84. பத்து வருஷத்தை மட்டும் பாருங்க. ஒரு சதவீதம் எறங்குனா 7.44 லாபம், ஒரு சதவீதம் ஏறுனா 6.80 நட்டம். ரெண்டும் சமமா இல்லை. கோடு வளைஞ்சிருக்கறதுக்கு அர்த்தம் இதுதான். வளைவு பத்திரம் வெச்சிருக்கறவங்க பக்கம் கொஞ்சம் சாயுது.

17 ஜனவரி 2025

படத்தைப் பார்த்துட்டு ஈரோட்டிலிருந்து ஒருத்தர், "இவ்வளவு செங்குத்தா விழுகுதே, பயமா இருக்குது"ன்னு எழுதியிருந்தாரு. அவரு பயந்ததுக்கு என் படம்தான் காரணம். நிமிர்ந்த அச்சோட கீழ்ப்பகுதியை ஆக்டேவ் தானா வெட்டிக்கிச்சு, நானும் கவனிக்கலை. சுழியத்துலிருந்து தொடங்கி மறுபடி போட்டிருக்கேன். அதே எண்ணு, அதே கோடு, இப்போ சரிவு மெதுவா இருக்குது. வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றவங்க ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இனிமே அச்சு எங்க தொடங்குதுன்னு சொல்லாம படம் போடமாட்டேன்.

23 ஜனவரி 2025

கரூர்க்காரர் ஒருத்தர் கேட்டது: திரையில ஒரு விலை, பணம் கட்டும்போது அதைவிடக் கூடப் போச்சு, ஏன்?

அது சேர்ந்த வட்டிங்க. போன தவணைக்கு அப்பறம் விக்கறவரு எத்தனை நாள் வெச்சிருந்தாரோ அத்தனை நாள் வட்டி அவருக்குச் சேரணும். அடுத்த தவணை முழுசா உங்க கைக்கு வரும், அதனால முன்னாலயே குடுத்துடறீங்க. 2033ல முடியற 7.18 சதவீதப் பத்திரத்தை எடுத்துக்கங்க, பிப்ரவரி 14, ஆகஸ்ட் 14 தவணை நாள். நவம்பர் 21ல கை மாறுனா எத்தனை நாள்? காலண்டரைப் பார்த்து எண்ணுனா 99. ஆனா நம்ம பத்திரச் சந்தையில மாசத்துக்கு 30 நாள், வருஷத்துக்கு 360 நாள்னு கணக்கு. அப்போ மூணு மாசமும் ஏழு நாளும், மொத்தம் 97. நூறு ரூபாய்க்கு 1.9346. 2 லட்சத்துக்கு 3,869 ரூபா. காலண்டர் நாளை 365 ஆல வகுத்திருந்தா 25 ரூபா 68 காசு கூட வந்திருக்கும்.

லிப்ரே ஆபீஸ் கால்க்ல 'பிரைஸ்'னு ஒரு ஃபார்முலா இருக்குது. அதுல கடைசியா ஒரு எண்ணு கேக்கும், அதுதான் இந்த நாள்கணக்கு. விட்டுட்டா 30/360ஐ எடுத்துக்கும். நம்ம பத்திரத்துக்கு அது பொருந்துது. டி-பில்லுக்கு (நடுவுல தவணை வட்டி இல்லாம, ஒரு வருஷத்துக்குள்ள முடியற அரசாங்கப் பத்திரம்) இந்த ஃபார்முலா கூடாது, அது நிஜ நாளும் 365ம்.

கட்டற மொத்த விலையை நாள்வாரியாப் படம் போட்டா ரம்பப் பல்லு மாதிரி வரும். தவணை நாள் வரைக்கும் ஏறும், அன்னைக்கு 3.59 பொதுக்குனு விழும், மறுபடி ஏறும். விழுந்ததைப் பார்த்து வெசனப்படாதீங்க, அந்த 3.59 உங்க பேங்க் கணக்குக்கு வந்திருக்கும்.

7 பிப்ரவரி 2025

ரிசர்வ் பேங்க் இன்னைக்கு ரெப்போவை, அதாவது பேங்குகளுக்கு அது குடுக்கற ஒரு நாள் கடனுக்கான வட்டியை, 6.50லிருந்து 6.25க்குக் குறைச்சிருக்குது. வட்டி எறங்குனா விலை ஏறும். பத்திரம் வெச்சிருக்கறவங்களுக்கு இனி நல்ல காலம்.

23 பிப்ரவரி 2025

நான் எதுக்கு இதுல இத்தனை நேரம் செலவு பண்றேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. சொல்லிடறேன்.

கோபியில எங்க பெரியம்மா இருக்காங்க. அஞ்சாங்கிளாஸ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, பெரியப்பா இல்லை. 2021 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் சில்லறை முதலீட்டாளருக்குன்னு நேரடிக் கணக்குத் தொடங்கி வெச்சப்போ, நான்தான் முன்னால நின்னு அவங்களுக்குக் கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தேன். டிசம்பர்ல 2050ல முடியற 6.67 சதவீதப் பத்திரம், 6 லட்சத்துக்கு, 97 ரூபா சொச்சத்துல வாங்குனோம். "கண்ணு, பணம் பத்திரமா இருக்குமா?"ன்னு கேட்டாங்க. "அரசாங்கப் பத்திரமுங்க பெரியம்மா, ஒண்ணும் ஆகாது"ன்னேன்.

அஞ்சே மாசம். 2022 மே 4ந்தேதி ரெப்போ 4லிருந்து 4.40, ஜூன்ல 4.90. அந்த ஜூன்ல பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன்னு முடிவாச்சு. பாதியை வித்தோம், 3 லட்சம் முகமதிப்பு. விலை 88 சொச்சம். அப்பறம் இதை ஆக்டேவ்ல திருப்பிப் போட்டேன். வாங்குனப்போ சந்தை வட்டி 6.9, 58 தவணை பாக்கி: 97.13. வித்தப்போ 7.7, 57 தவணை பாக்கி: 88.18. முக்கால் சதவீதச் சொச்சம் நகர்ந்ததுக்கு நூத்துக்கு 8.95. 3 லட்சத்துக்கு 26,850 ரூபா. நடுவுல வந்த ஒரு தவணை வட்டி 10,005ஐக் கழிச்சாலும் 16,845 போயிருச்சு. பதினாறாயிரம் பெருசான்னு கேப்பீங்க. டவுன் பஸ்ஸுக்கு நின்னு, ஆட்டோ புடிக்காம, அந்த மனுசி சேத்த காசுங்க அது.

அரசாங்கம் ஒரு காசு ஏமாத்தலை. தவணை தேதி தப்பாம வருது. தப்பு நான் சொன்ன பதில்ல இருந்துச்சு. எப்போ பணம் வேணும்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. 30 வருஷக் கோட்டை ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தா கேட்டிருப்பேன். தாராபுரத்தார் வாங்கறதுக்கு முன்னாலயே கோடு போட்டுட்டாரு, அதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2 மார்ச் 2025

விலை தெரியும், வட்டி தெரியலைன்னா? இதுக்கு நேர் சூத்திரம் கிடையாது, தடவித் தடவித்தான் புடிக்கணும். 10 வருஷ 7 சதவீதப் பத்திரம் 95 ரூபாய்க்குக் கிடைக்குதுன்னா என்ன வருமானம்? 7லிருந்து ஆரம்பிங்க. அங்க விலை 100, சரிவு ஒரு சதவீதத்துக்கு 7.106 ரூபா. 5 ரூபா எறங்கணும். 5ஐ 7.106 ஆல வகுத்து 7ஓட கூட்டுனா 7.70. அங்க விலை பார்த்தா 95.16, இன்னும் கொஞ்சம். அந்த இடத்துச் சரிவை வெச்சு இன்னொரு எட்டு எடுத்து வெச்சா: 7.73. அங்க 95 வந்துருது. நியூட்டன் முறைங்கறது இவ்வளவுதான், ரெண்டு எட்டுல வீடு வந்துருச்சு.

ஆக்டேவ்ல 'எஃப்ஜீரோ'ன்னு குடுத்தா அதுவே தேடிக்கும். 0.07ன்னு குடுக்கணும். ஒருக்கா 7ன்னு குடுத்துட்டேன், அது 700 சதவீதம்னு எடுத்துக்கிச்சு, விலை சுளையா 1 ரூபான்னு வந்துச்சு.

16 மார்ச் 2025

இதுவரைக்கும் போட்டதுலயே எனக்குப் புடிச்ச படம் இது.

10 வருஷ 7 சதவீதப் பத்திரத்தை 100க்கு வாங்குன மறுநாளே சந்தை வட்டி 8 ஆயிருச்சுன்னு வைங்க. விலை 93.20க்கு விழுந்துருச்சு. ஆனா வர்ற தவணையெல்லாம் இனி 8ல மறுபடி போடலாம். இன்னொருத்தருக்கு வட்டி 6 ஆச்சு: விலை 107.44, ஆனா தவணைப் பணம் 6லதான் வளரும். மூணாமத்தவருக்கு 7லயே நின்னுருச்சு. மூணு பேரோட மொத்தப் பணத்தையும் வருஷவாரியாப் படம் போட்டா, கீழ தொடங்குன கோடு வேகமா ஏறி, மேல தொடங்குன கோட்டைக் கத்திரிக்கோல் மாதிரி வெட்டுது. 8ம் 7ம் வெட்டற இடம் 7.30 வருஷம். 6ம் 7ம் வெட்டறது 7.41. மூணும் கிட்டத்தட்ட ஒரே இடம், ஏழு வருஷம் நாலு மாசம். கையில அப்போ 166 ரூபா பக்கம். வட்டி ஏறட்டும், எறங்கட்டும், அந்த நாள்ல பணம் வேணும்ங்கறவருக்கு ரெண்டும் ஒண்ணு.

அந்த நாளைத்தான் டியூரேஷன்னு சொல்றாங்க. 1938ல மெக்காலேங்கற பொருளாதாரக்காரர் குடுத்த கணக்கு. இந்தப் பத்திரத்துக்குச் சூத்திரத்துல போட்டா 7.35 வருஷம். சூத்திரத்தைப் படிச்சப்போ எனக்கு மண்டையில ஏறவே இல்லை. கோடு வெட்டிக்கிட்டதைப் பார்த்த அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலைங்க.

6 ஏப்ரல் 2025

கத்திரிக்கோல் படத்தைப் பெரியம்மாகிட்டக் காட்டுனேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்பறம் ஒரே கேள்வி: "வர்ற வட்டியை நான் மறுபடி எங்க கண்ணு போடறேன்? மாத்திரைக்கும் கரண்டு பில்லுக்கும் போயிருதே."

படம் அங்கயே நின்னுருச்சு. கோடு ஏறுறதே தவணையை மறுபடி போடறதாலதான். செலவு பண்றவங்களுக்கு அது பொருந்தாது. மார்ச் 16ல ஏழு வருஷம் நாலு மாசத்துல சரியாயிரும்னு எழுதுனதைப் பென்ஷன்காரங்க யாராச்சும் படிச்சிருந்தா தயவு பண்ணி அதை அப்படியே எடுத்துக்காதீங்க. அவங்களுக்குன்னு வேற படம் போட்டிருக்கேன், பத்திர விலை மட்டும், வருஷவாரியா. 93.20ல தொடங்குன கோடும் 107.44ல தொடங்குன கோடும் மெல்ல மெல்ல நெருங்கி வந்து பத்தாவது வருஷம் 100ல தொடுது. அதுக்கு முன்னால எங்கயும் வெட்டிக்கறதில்லை. அதுவும் நேர்கோடு இல்லை, முதல் வருஷங்கள்ல மெதுவாவும் கடைசியில சுருக்காவும் 100ஐ நோக்கி வருது.

18 மே 2025

கொஞ்சம் விலகிப் போறேன். நான் கணக்குப் பாக்கற திருப்பூர் பனியன் கம்பெனியில ஒரு தங்கச்சி வாரத் தண்டல்ல பணம் வாங்கியிருக்கு. கையில 8,500, வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்டணும். "பத்தாயிரத்துக்கு 1,500தானுங்கண்ணா, பதினஞ்சு வட்டி"ங்குது. இதுவும் பத்திரம்தான், தண்டல்காரன் 8,500க்கு வாங்கி பத்துத் தவணை வாங்கிக்கறான். அதே 'எஃப்ஜீரோ'ல போட்டேன். வாரத்துக்கு 3.07 சதவீதம். 52 ஆல பெருக்குனா வருஷத்துக்கு ஏறக்குறைய 160 சதவீதம். தமிழ்நாட்டுல 2003லயே கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு.

திரையைத் திருப்பி அந்தப் புள்ளைக்குக் காட்டுனேன். ஒண்ணும் பேசலை. சித்த நேரம் கழிச்சு, "எங்கம்மா ரெண்டு எடத்துல வாங்கியிருக்குதுங்கண்ணா, அதையும் போட்டுப் பாக்கறீங்களா?"ன்னுச்சு. பொழுதோட உக்காந்து மூணையும் போட்டு, எதை முதல்ல அடைக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தனுப்புனேன்.

4 ஆகஸ்ட் 2025

நேத்து ஆடிப்பெருக்கு, பவானி கூடுதுறையில தண்ணி நெறைய. போயிட்டு வந்து இதை எழுதறேன்.

பிப்ரவரி 7ல "வட்டி எறங்குனா விலை ஏறும், நல்ல காலம்"னு எழுதியிருந்தேன். அவசரப்பட்டுட்டேன். ரெப்போ ஏப்ரல்ல 6, ஜூன் 6ந்தேதி 5.50. அப்படியிருந்தும் ஜூனுக்கு அப்பறம் 30 வருஷப் பத்திரத்தோட சந்தை வட்டி ஏறித்தான் இருக்குது. ரெப்போங்கறது பேங்குகளுக்கு ஒரு நாள் கடனுக்கான வட்டி. 30 வருஷ வட்டி தனி ஆளு. அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கும், விலைவாசி எங்க போகும், இன்னும் குறைப்பாங்களா மாட்டாங்களான்னு எல்லாம் பார்த்து நகரும். என் படத்துல அடியச்சுல 'சந்தை வட்டி'ன்னு ஒரே பேரு போட்டதுதான் இந்தக் குழப்பத்துக்கு வழி. ஒவ்வொரு வருஷக் கணக்குக்கும் ஒவ்வொரு வட்டி. மூணு கோட்டுக்கும் மூணு அச்சுன்னு மாத்திப் போட்டுட்டு இருக்கேன்.

பெரியம்மாவோட மிச்சம் 3 லட்சம் அப்படியே இருக்குது, அதைத் தொடலை. தவணை வட்டி மாத்திரைக்கு ஆகுது. பேத்தி காலேஜ் ஃபீஸுக்குச் சேத்த பணம் மட்டும் தனி. இந்தத் தடவை கணக்கை அவங்கதான் போட்டாங்க. முதல்ல காலண்டர் தாளோட பின்பக்கம் ஸ்கேல் வெச்சு நாலு கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு ஜூன் மாசம். எந்த ஜூனுக்கு எவ்வளவு வேணும்ங்கறது முதல் வரி. அந்த ஜூனுக்கு முன்னால முடியற பத்திரம் எதுன்னு அடுத்த வரி, அதை நான் தேடி எழுதுனேன். அடுத்த ஜூனுக்கு முன்னால முடியற டி-பில். 364 நாள் டி-பில் 94 ரூபாய்க்குக் கிடைச்சா எவ்வளவு வட்டின்னு கேட்டாங்க. 6ன்னு சொல்ல வாயெடுத்தேன், "கையிலிருந்து போறது 94தானே"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. 6ஐ 94 ஆல வகுத்து 365/364 ஆல பெருக்குனா 6.40.

தாராபுரத்தார் கேட்ட நிரல் முழுசையும் நாளைக்குப் போடறேன். அச்சுப் பேருல தமிழ் எழுத்து என் கணினியில கட்டம் கட்டமா வருது, எழுத்துருவை மாத்திப் பார்த்தவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. பெரியம்மாவுக்கு அச்செடுத்துக் குடுக்கணும், அவங்க இங்கிலீஷ்ல இருந்தா வேண்டாங்கறாங்க.